முதல் பேர், கடைசி பேர்

எம்.சி.ஏ. முடித்த கீதாஞ்சலியை ஜெராக்ஸ் மெஷினில் நிறுத்திவிடுவது என்று இளவரசன் ஏறக்குறைய முடிவு கட்டியிருந்தார். அவரையும் குறை சொல்ல முடியாது. தேரடித் தெரு மாடியில் இருந்த அவருடைய கம்ப்யூட்டர் சென்டரில் வெப்சைட் வேலைக்கு இரண்டு பேர் இருந்தார்கள், ஜெராக்ஸ் எடுக்கத்தான் ஆள் இல்லை. 2008-ஆம் வருஷத்திலும் திருவண்ணாமலையில் வெப்சைட் கேட்டு வருகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ரேஷன் கார்டை நகலெடுக்க வருகிறவர்கள் படிக்கட்டு வரை நின்றார்கள்.

அந்த இரண்டு பேரில் இன்னொருவன் பிரகாஷ். திரௌபதியம்மாளின் லாட்ஜுக்கு ரூம் பதிவு செய்யும் பக்கத்தை மூன்று மாதமாக எழுதிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வரியையும் தன் கையால் எழுதினால்தான் புரோகிராம் என்பது அவன் கட்சி. எழுதுவான், அழிப்பான், மறுபடி எழுதுவான். கேட்டால், "முக்கால்வாசி முடிஞ்சிச்சு சார்" என்பான். அந்த முக்கால்வாசி மூன்று மாதமாக அசையவே இல்லை.

திரௌபதியம்மாள் முப்பத்தைந்து ரூம் லாட்ஜை ஒரே ஒரு ரிசப்ஷன் பையனை வைத்துக்கொண்டு நடத்துகிறவர். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் நேரிலேயே வந்துவிட்டார். "வர்ற பௌர்ணமிக்கு வேணும். இல்லனா விட்டுடுங்க, நான் வேலூர்ல குடுத்துக்கிறேன்" என்றார்.

"நான் செய்றேம்மா" என்று சொல்லிவிட்டாள் கீதாஞ்சலி. வாய் முந்திக்கொண்டது.

அவளுக்கு ஒரு தைரியம் இருந்தது. இணையத்தில் இலவசமாக ஒரு படிவக் கருவி கிடைத்திருந்தது. வேண்டிய பெட்டியை இழுத்துத் திரையில் விட்டால் போதும், பின்னால் இருக்கிற வேலையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவள் நாலரை மணி டீ வருவதற்குள் படிவத்தை முடித்துவிட்டாள்.

பிரகாஷ் எட்டிப் பார்த்தான். "இதுக்குப் பேரு புரோகிராமா? கோல அச்சை உருட்டுற மாதிரி இருக்குது."

"வாசல்ல கோலம் இருக்குதா இல்லையா? அதச் சொல்லு" என்றாள் அவள்.

இளவரசன் இருவரையும் பார்த்தார். "இந்தப் பௌர்ணமி தாண்டட்டும். சரியா வந்துச்சுன்னா இனிமே எல்லா வேலையும் கீதா வழியிலயே பண்ணுவோம். சொதப்புச்சுன்னா கீதா, நீ ஜெராக்ஸ பாத்துக்க" என்றார். அடி அண்ணாமலை கிராமத்தில் அவளுடைய அப்பா பரசுராமன் மகளைக் கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்றே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

படிவத்தில் ஒரே ஒரு சங்கடம். அந்தக் கருவி அமெரிக்காக்காரன் செய்தது. பெயர் என்று கேட்டால் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு பெட்டியாகத்தான் கேட்கும், இரண்டையும் நிரப்பாமல் விடாது. இனிஷியலோடு திருப்திப்படுகிற நம் ஜனங்களுக்கு லாஸ்ட் நேமுக்கு எங்கே போவது? போகட்டும், அப்பா பெயரைப் போட்டுக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டாள். எழுத்தை மட்டும் தமிழுக்கு மாற்றினாள். "பெயர்னு எழுதாத, பேர்னு எழுது. ஜனங்களுக்குப் புரியணும்" என்று திரௌபதியம்மாள் சொன்னதால் அப்படியே செய்தாள். ஆக, படிவம் இப்படிக் கேட்டது: எத்தனை பேர்? முதல் பேர்? கடைசி பேர்?

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை, இளவரசன் பட்டியலை அச்சடித்து லாட்ஜுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு வந்து, "முப்பத்தோரு பதிவு" என்றார். அவர் முகத்தில் சந்தோஷம் இருந்தது. கீதாஞ்சலி ஆசையாகத் திரையில் பட்டியலைத் திறந்தாள்.

எத்தனை பேர், பன்னிரண்டு. முதல் பேர், சகாதேவன். கடைசி பேர், தங்கம்மாள், முட்டி வலி, மெதுவாத்தான் வருவாங்க.

அடுத்தது. எத்தனை பேர், ஒன்பது. முதல் பேர், இனியன். கடைசி பேர், அப்பாசாமி மாமா, வழியில டீ குடிப்பார்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒன்பது பேரில் முதல் பேர் யார், கடைசி பேர் யார் என்றுதான் ஜனங்கள் படித்திருக்கிறார்கள். கிரிவலம் போகிற கூட்டத்தில் முதலில் சுற்றி முடிப்பவரையும் கடைசியில் வந்து சேர்பவரையும் சிரத்தையாக எழுதியிருக்கிறார்கள். முப்பத்தொன்றில் இருபத்தாறு இப்படி. பிரகாஷ் சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது. அவள் லாட்ஜுக்குப் போன் போட்டாள், எங்கேஜ்டு. மறுபடியும் எங்கேஜ்டு. பட்டியல் இதற்குள் கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை.

பௌர்ணமி கழிந்த காலையில் திரௌபதியம்மாள் படியேறி வந்தார். கையில் அதே பட்டியல், முழுக்கப் பேனாக் கிறுக்கல். கண் சிவந்திருந்தது.

"கடைசி பேர்னு கேட்டது யாரு?"

"நான்தாம்மா. தப்பாயிடுச்சு. இன்னைக்கே எடுத்துடறேன்" என்றாள் கீதாஞ்சலி.

"எடுத்துப் பாரு, அப்புறம் தெரியும் உனக்கு" என்றபடி அவர் உட்கார்ந்தார். "ஏம்மா, பன்னெண்டு பேருக்கு ஒரு ரூம். எல்லாம் ஒண்ணாவா மலை சுத்துது? சின்னதுங்க மூணு மணி நேரத்துல வந்துடுது. பெருசுங்களுக்கு ஆறு மணி நேரம். சாவி யார்கிட்டன்னு மாசாமாசம் படிக்கட்டுல சண்டை. இந்த வாட்டி சாவியை முதல்ல வந்த சகாதேவன் கையில குடுத்தேன், கடைசியா தங்கம்மா வந்ததும் வாங்கிக்கினேன். ரூம் எப்ப காலியாவும்னு எனக்கே தெரிஞ்சுது. ஒரு சத்தம் இல்ல."

இளவரசன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இதையெல்லாம் யோசித்துத்தான் வைத்தோம் என்கிற மாதிரி தலையாட்டினார். பிறகு பிரகாஷ் பக்கம் திரும்பி, "நீ எழுதிக்கினு இருக்கியே, அதுல இது வருமா?" என்று கேட்டார்.

"ரெண்டு வாரம் ஆவும் சார்."

"வேணாம். அந்தக் கருவியை கீதாகிட்ட கத்துக்க."

கீதாஞ்சலிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஆனால் திரௌபதியம்மாள் எழுந்திருக்கவில்லை. அடுத்த மாதத்துக்கான படிவத்தைத் திறக்கச் சொன்னார்.

"யாருக்கும்மா ரூம்?"

"எனக்குத்தான். லாட்ஜ எடுத்து பதினோரு வருஷம் ஆச்சு. ஜன்னல்லயே மலை தெரியுது, ஒரு பௌர்ணமிக்குக்கூட சுத்துனதில்ல. சாவியப் புடிச்சிக்கினு கவுண்டர்லயே நின்னேன். இனிமே இந்தப் பட்டியல வச்சிக்கினு அத ரிசப்ஷன் பையனே பாத்துப்பான்."

கீதாஞ்சலி புதுப் பதிவைத் திறந்தாள். பிறகு கேட்டாள்: "எத்தனை பேரும்மா?"

"ரெண்டு பேர். கடைசி பேர் திரௌபதினு போடு, நான் மெதுவாத்தான் வருவேன்." அவர் கீதாஞ்சலியைப் பார்த்தார். "முதல் பேர் உன்னுது போடு. உனக்கு வேற வேலை இல்லியே அன்னைக்கு?"