வெள்ளிக்கிழமையே போன பதில்

ஜோஷுவா புனே பக்கத்து ரஞ்சன்காவ் தொழிற்சாலை வேலையை விட்டது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். மேலாளர் எல்லார் முன்னாலும் அவனைப் பார்த்து மராத்தியில் ஏதோ சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கைப்பேசியிலேயே இரண்டு வரி தட்டி ராஜினாமாவை அனுப்பிவிட்டான். நெஞ்சு லேசானது போலிருந்தது. கம்பெனி பஸ் வாகோலி நெரிசலில் நின்றபோது அந்த லேசும் போய்விட்டது.

வீட்டில் மனைவி ப்ரீதியிடம், வேலையை விடலாமா என்று யோசிப்பதாக மட்டும் சொன்னான். ப்ரீதி பாளையங்கோட்டைக்காரி. உபவாசமிருந்து ஜெபிக்காமல் எந்தப் பெரிய காரியத்தையும் தொடமாட்டாள். அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததே அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கேம்ப் பகுதித் தேவாலயத்தில், தமிழ் ஆராதனையின் ஜெப விண்ணப்ப நேரத்தில் எழுந்து, "என் வீட்டுக்காரர் ஒரு தீர்மானம் எடுக்கணும், ஜெபிச்சுக்கோங்க" என்றாள். நாளையிலிருந்து புதன்வரை இரண்டு பேருக்கும் உபவாசம் என்று அவளே முடிவு செய்தாள். மறுக்க அவனிடம் உண்மையைத் தவிர வேறு காரணம் இல்லை.

அன்றைக்குப் பிரசங்கம், வேதாகமத்தில் பசிக்கு ஒரு வாய்க் கூழ் குடித்துவிட்டுத் தலைப்பிள்ளை உரிமையைத் தொலைத்தவனைப் பற்றி. ஜோஷுவாவுக்கு எரிச்சலாக வந்தது. வயிறு நிறைந்தவர்கள்தான் அவனைக் குறை சொல்கிறார்கள் என்று தோன்றியது.

நோட்டீஸ் காலம் முடியும்வரை வேலைக்குப் போகவேண்டியிருந்தது. திங்கட்கிழமை தொழிற்சாலை வாசலில் நின்று வடாபாவ் தின்றான். அடுத்த நாளும் தின்றான். ராஜினாமாவை ஏற்றுக்கொண்டதாகப் பதிலும் அன்றைக்கே வந்தது. ப்ரீதி பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கப் பாடம் நடத்திவிட்டு, உலர்ந்த உதட்டோடு வந்து முழங்காலில் நின்றாள். பக்கத்தில் அவனும் நின்றான். ஆண்டவரே, வழிகாட்டும் என்று அவள் கெஞ்சும்போது அவன் கண்ணை மூடாமல் மின்விசிறியின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

புதன் சாயங்காலம் அவள் அறையைவிட்டு வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"விட வேண்டாங்க. மனசுல சமாதானமா இருக்கு. கொஞ்சம் பொறுப்போம்."

கீழே தெருவில் யாரோ ஆட்டோக்காரனோடு இந்தியில் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது.

"வெள்ளிக்கிழமையே விட்டுட்டேன், ப்ரீதி."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ இத்தனை நாளா நான் யார்கிட்ட என்னத்தக் கேட்டுட்டு இருந்தேன்?"

"சொல்லத்தான் நெனச்சேன்..."

"நீங்க உபவாசம் இருந்தீங்களா?"

அவன் தலை குனிந்தான். அவள் அடுப்பில் கஞ்சியைச் சூடாக்கி ஒரே கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, நின்றபடியே குடித்தாள். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தபின்தான் பேசினாள்.

"நாளைக்குப் போய் அந்த மேனேஜர்கிட்ட வேலையைத் திருப்பிக் கேளுங்க. தருவாரோ மாட்டாரோ. ஆனா இதுக்கு நான் ஜெபிக்க மாட்டேன். இந்தத் தடவை ஆண்டவர்கிட்ட நீங்களே கேளுங்க."

அவள் உள்ளே போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். ஜோஷுவா முழங்காலில் நின்றான். அந்த மனிதனிடம் போய்க் கெஞ்சுவதா என்ற கோபம்தான் முதலில் வந்தது. ஜெபிக்க வேறு வார்த்தை வருமா என்று காத்திருந்தான். முழங்கால் மரத்துப்போகும்வரை ஒன்றும் வரவில்லை, ஆனாலும் எழுந்திருக்கவில்லை.