பொத்தானை விடும் வரை

"படம் தெளிவா தெரியணும்னா பெரிய டிவியா பார்த்து வாங்கிட்டுப் போங்க. அதுக்குப் போய் கம்ப்யூட்டர் எதுக்கு?"

"ப... படம் மட்டும் இல்லீங்க."

"வேற என்ன?"

சொல் தொண்டை வரை வந்து, நிறுத்தத்தில் கதவு திறக்காத வண்டி மாதிரி அங்கேயே நின்றது. கடைக்காரி அரிமுரா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. யாரோ பழுதுக்குக் கொடுத்த கணினியிலிருந்து காற்றாடியைக் கழற்றி, ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பழைய பல் பிரஷ்ஷால் சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஜப்பானின் தென்கோடி ஊரான ககோஷிமாவில் எந்த இயந்திரத்தைத் திறந்தாலும் உள்ளே எதிர்க்கரை எரிமலை கொஞ்சம் உட்கார்ந்திருக்கும்.

"ரேடியோ," என்றான் சகோடா கடைசியில். "வி... விமானத்துல பேசுற ரேடியோ."

"ஓ, பேசுறதுக்கா," என்று அவள் இன்னும் இரண்டு தட்டு தட்டினாள். "அப்ப கம்ப்யூட்டர்தான் வேணும். அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே, டிராம்காரரே."

முதலிலேயே சொல்லியிருக்கலாம். நாற்பத்தோரு வயதில் அவனுக்கு முதலிலேயே சொல்ல வந்தது எதுவுமில்லை.

சகோடா நகர டிராம் ஓட்டுகிறவன். வேலை முடிந்து வந்தால் மாடியறையில் உட்கார்ந்து, டிவிக்குக் கீழே இருக்கும் கேம் பெட்டியில் விமானம் ஓட்டுவான். ஆறு வருடப் பழக்கம். இரட்டை விசிறி வைத்த சின்ன விமானம். தெற்கே தீவுகளுக்குப் போவதும் திரும்புவதும்தான் வேலை. அந்தப் பெட்டியில் கட்டுப்பாட்டு அறையோடு பேச வேண்டுமென்றால் திரையில் நாலு வரி வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால், திக்காத ஒரு குரல் அவனுக்காகப் பேசும். இன்னொரு இயந்திரக் குரல் அனுமதி தரும். டிராமிலும் அதே கதை. அடுத்த நிறுத்தத்தின் பெயரைப் பதிவு செய்த பெண்குரல்தான் சொல்லும். யோசித்துப் பார்த்தால் காலையிலிருந்து தூங்கப் போகும் வரை அவனுக்காக வேறு யாரோ பேசிக்கொண்டே இருந்தார்கள்.

போன வருடம்தான் அவன் இணையத்தில் தென்தீவு வட்டம் என்ற குழுவைக் கண்டுபிடித்தான். மாதத்தின் முதல் ஞாயிறு, மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை, ஊர் ஊராகக் கணினி முன் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள் ஒரே வானத்தில் பறப்பார்கள். அவர்களில் ஒருவர் ககோஷிமா டவர் என்ற கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து எல்லோரையும் வரிசையாக இறக்குவார். இயந்திரம் இல்லை, ஆள். இருமுவார், "கொஞ்சம் இருங்க, அடுப்புல ஏதோ தீயுது" என்பார். யாருக்கும் யாருடைய முகமும் தெரியாது. பெயர் கிடையாது, விமான எண் மட்டும்தான். சகோடா ஆறு மாதம் அவர்களுடைய பதிவுகளைக் கேட்டான். இறங்க அனுமதி கேட்பதும், கிடைப்பதும், நன்றி சொல்வதும் மழைச் சத்தம் மாதிரி இதமாக இருந்தது. கேம் பெட்டியிலிருந்து அங்கே போக வழியில்லை. கணினிக்காரர்களுக்கு மட்டும்தான் கதவு.

அரிமுரா ஒரு வாரத்தில் கணினியைக் கட்டிக் கொடுத்தாள். காற்று போகும் இடத்திலெல்லாம் மெல்லிய வலை வைத்திருந்தாள். "மலை குமுறுற அன்னைக்கு இதைக் கழட்டிக் கழுவுங்க. மறந்தா உங்க விமானம் வானத்துலயே நின்னுடும்." பழைய கேம் பெட்டியை அவளே எடுத்துக்கொண்டாள். "மைக் போடவா?" என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். வேண்டாம்.

வீட்டில் அக்கா மிட்சுஎ மாடிப்படிக்குக் கீழே நின்று அந்தப் பெட்டி ஏறுவதைப் பார்த்தாள்.

"பகல்ல டிராம், ராத்திரி விமானம். அடுத்த வருஷம் கப்பல் வாங்குவே போல."

"அ... அக்கா, இதுல என்னன்னா..."

"படம் நல்லா தெரியும். அதானே?"

அவன் தலையாட்டினான். மிட்சுஎ கெட்டவள் இல்லை. அவன் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு மூச்சுக்குத் திணறுவதைப் பார்க்கச் சகிக்காமல், சின்ன வயதிலிருந்தே மீதி வாக்கியத்தை அவளே முடித்துவிடுவாள். பள்ளி ஆசிரியர்களும் முடித்தார்கள், ஜுரத்துக்குப் பார்த்த டாக்டரும் முடித்தார். பாதி நேரம் அவன் சொல்ல வந்தது அதுவாக இருக்காது. ஆனாலும் தலையாட்டிவிடுவான், திரும்ப ஆரம்பிப்பதைவிட அது சுலபம். இப்படி அவன் தலையாட்டி வாங்கிக்கொண்ட வாக்கியங்களை எல்லாம் கோத்தால் வேறு யாரோ ஒருவனுடைய வாழ்க்கை வரும்.

கணினியில் முதல்முறை ஓட்டியபோது விமானம் ஓடுபாதை தாண்டிப் புல்வெளியில் போய் நின்றது. யாகுஷிமாத் தீவில், வானம் கண்ணாடியாக இருந்த ஒரு மாலையில், சக்கரம் தரையைத் தொட்டதும் அவன் வலது கை தானாக, கணினியோடு வந்த ஜாய்ஸ்டிக் கைப்பிடியை வலப்பக்கம் முறுக்கியது. டிராமில் பிரேக் கைப்பிடி அங்கேதான் இருக்கிறது; பதினாலு வருடமாக வண்டியை நிறுத்த அந்தக் கை வலப்பக்கம்தான் திரும்பியிருக்கிறது. ஜாய்ஸ்டிக்கை முறுக்கினால் விமானம் மூக்கைத் திருப்பும். திருப்பியது. கேம் பெட்டியில் கட்டைவிரல்களால் ஓட்டிய ஆறு வருடத்தில் கைக்கு இந்த ஞாபகம் வந்ததே இல்லை. சகோடா புல்லில் சாய்ந்து நின்ற விமானத்தைப் பார்த்துத் தனியாகச் சிரித்தான். முதன்முறையாக உண்மையில் ஓட்டுவது போலிருந்தது.

வட்டத்தில் சேரும் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: குரலா, எழுத்தா? எழுத்து என்று குறித்தான். விமான எண்ணை அவரவரே வைத்துக்கொள்ளலாம் என்பதால், நாக்கில் முட்டாமல் வழுக்கிப் போகும் இலக்கங்களாகப் பார்த்து எட்டு-ஒன்று-ஐந்து என்று வைத்தான். எழுத்து என்று குறித்தவனுக்கு எதற்கு அந்தக் கவனம் என்று அப்போது அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

முதல் ஞாயிறு வந்தது. ஏழெட்டு விமானங்கள். குரல்கள் மளமளவென்று போய் வந்துகொண்டிருக்க, சகோடா இறங்க அனுமதி கேட்டுத் தட்டச்சு செய்தான். ஒரு கையில் ஜாய்ஸ்டிக், ஒரு கையில் எழுத்து. டவரில் இருந்தவர் பேச்சை நிறுத்தினார். பிறகு திரையில் ஒரு வரி வந்தது: "அவசரமில்லை. மெதுவாக வாருங்கள்." பின்னால் வந்த இரண்டு விமானங்களை அவனுக்காக ஒரு சுற்று சுற்றச் சொன்னார். யாரும் முணுமுணுக்கவில்லை.

அழகாக இறங்கினான். ஆனாலும் மனசு கசந்தது. பொறுமை. அஞ்சலகத்தில், மருந்துக்கடையில், எல்லா இடத்திலும் அவனுக்குக் கிடைக்கும் அதே பொறுமை. இங்கேயும் அவனுக்கென்று ஒரு ஓரம் ஒதுக்கிவிட்டார்கள்.

மறுநாள் அரிமுராவின் கடையில் நின்றான்.

"மை... மைக்."

"அன்னைக்கே கேட்டேனே," என்று ஒன்றை எடுத்துப் பெட்டியைப் பிரித்தாள். "இது சும்மா எல்லாத்தையும் கேக்காது. ஜாய்ஸ்டிக்குல ஒரு பொத்தான் வெச்சுக்கணும். அழுத்தினா உங்க குரல் போகும். விட்டாத்தான் அவங்க குரல் வரும்."

"நா... நான் அழுத்தியிருக்கும்போது அவங்க பேசினா?"

"பேச முடியாது. ரெண்டு பேரு சேர்ந்து அழுத்தினா கீச்சுனு சத்தம்தான் வரும், யாருக்கும் ஒண்ணும் புரியாது. அதனால ஒருத்தர் பேசினா மத்தவங்க வாயை மூடிட்டு இருந்துதான் ஆகணும்."

சகோடா அவள் கையிலிருந்த மைக்கையே பார்த்தான்.

"எ... எவ்வளவு நேரம்?"

"நீங்க விடுற வரைக்கும்." அவள் சிரித்தாள். "என் வீட்டுக்காரர் கையில அப்படி ஒரு பொத்தான் இருந்துதுன்னா எப்பவோ பிடுங்கி எறிஞ்சிருப்பேன்."

அவன் நடந்தே வீட்டுக்குப் போனான். அழுத்தியிருக்கும் வரை யாரும் குறுக்கே வர முடியாது. யாரும் முடித்துவைக்க முடியாது. உலகத்தில் அப்படி ஒரு இடம் இருக்கிறது என்று இத்தனை வருடம் யாரும் அவனிடம் சொல்லவில்லை. ஆனால் பாலம் தாண்டுவதற்குள் அதன் மறுபக்கமும் தெரிந்துவிட்டது. அவன் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது எட்டு விமானங்கள் வானத்தில் நிற்கும். ஒருவரும் பேச முடியாமல், எல்லோரும் அவன் தொண்டையையே கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதிலும் எந்தப் பேச்சும் யாரை அழைக்கிறோமோ அவர்கள் பெயரில்தான் ஆரம்பிக்க வேண்டும். ககோஷிமா டவர். அவனுக்கு இருப்பதிலேயே கடினமான எழுத்து அந்தக் 'க'. பிறந்த ஊரின் பெயரை அவன் வாய்விட்டுச் சொல்லி எத்தனை வருடமாயிற்று என்று அவனுக்கே ஞாபகமில்லை.

ஆனால் டிராமில் மட்டும் நாக்கு அவன் சொன்னதைக் கேட்கும். ஒவ்வொரு சிக்னலிலும் விரலை நீட்டி, கண்ணால் பார்த்து, வாயால் சொல்ல வேண்டும் என்பது ஓட்டுநர்களின் விதி. "சிக்னல், பச்சை!" "முன்பாதை, தெளிவு!" பதினாலு வருடத்தில் ஒருமுறைகூட அது திக்கியதில்லை. யாருக்கும் சொல்வதில்லை என்பதாலோ, விரல் முன்னே போய் இழுப்பதாலோ. அந்த மாதம் முழுக்க அவன் சிக்னலுக்கு அடுத்து, விரலை மடக்காமலேயே, இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிப் பார்த்தான். "ககோஷிமா டவர்!" வழுக்கிக்கொண்டு போனது. மறுபடியும். "ககோஷிமா டவர்!"

"டிரைவரே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வெங்காயத்தாள் கட்டோடு நின்ற கிழவர். "அது எந்த ஸ்டாப்பு? புதுசா வெச்சிருக்காங்களா?"

"அ... அ... அது..."

"சரி சரி, பார்த்து ஓட்டுங்க. நான் மீன் மார்க்கெட்டுல இறங்கணும்."

அவ்வளவுதான். ஒரு காது இருந்தால் போதும், நாக்கு பழைய இடத்துக்குப் போய்விடும். அன்று மாலை படிவத்தைத் திறந்து 'எழுத்து' என்பதை 'குரல்' என்று மாற்றினான். பிறகு எழுத்து. பிறகு குரல். அப்படியே விட்டுவிட்டுக் கீழே போய்ச் சாப்பிட்டான்.

அடுத்த முதல் ஞாயிறு மலை காலையிலேயே குமுறியது. மதியத்துக்குள் வாசலெல்லாம் சாம்பல். சகோடா வலைகளைக் கழற்றிக் கழுவித் துடைத்து மாட்டினான். இரண்டு மணிக்கு யாகுஷிமாவிலிருந்து கிளம்பினான். தீவுகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டிருந்தால் மூன்று மணி நேரமும் யாரிடமும் பேசாமல் ஓட்டிவிடலாம். அங்கெல்லாம் டவரில் ஆள் கிடையாது. அவன் வடக்கே திருப்பினான்.

வளைகுடா திறந்தது. திரையிலிருந்த எரிமலை புகையில்லாமல் சுத்தமாக நின்றது. வீட்டு ஜன்னலுக்கு வெளியே சாம்பலில் நிஜ மலையைக் காணவே இல்லை.

கதவு திறந்தது. மிட்சுஎ ஈரத்துணிக் கூடையோடு உள்ளே வந்தாள். "வெளிய சாம்பல், கீழ இடமில்லடா. இங்கதான் காயப் போடணும். நீ பாட்டுக்கு ஓட்டு." கொடியில் அவனுடைய சீருடைச் சட்டைகளை ஒவ்வொன்றாக மாட்ட ஆரம்பித்தாள்.

காதில் குரல்கள். அமாமித் தீவிலிருந்து வந்த பெண் ஒருத்தி இறங்கி முடித்தாள். இன்னொருவருக்கு வரிசையில் இரண்டாமிடம். இருமல். "கொஞ்சம் இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்." சிரிப்பு. அப்புறம் யாரும் பேசவில்லை.

இதுதான் அவன் முறை. தூரம் பத்து மைல். இன்னும் இரண்டு நிமிடத்தில் கேட்காவிட்டால் திரும்பிப் போக வேண்டியதுதான்.

பொத்தானை அழுத்தினான்.

"க..."

காதுக்குள் எல்லாம் அடங்கிப் போனது. இத்தனை பெரிய நிசப்தத்தை அவன் கேட்டதே இல்லை. அவனுடைய மூச்சு மட்டும். வேகம் குறைந்துகொண்டிருந்தது, இடது கை அதைப் பார்த்துக்கொண்டது.

"க... க..."

பின்னால் துணி உதறும் சத்தம் நின்றது. மிட்சுஎ கையில் சட்டையோடு இரண்டடி முன்னே வந்தாள். அவளுக்குத் தெரியும், எந்தச் சொல் என்று. இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? அவள் வாயைத் திறந்தாள்.

சகோடா திரும்பவில்லை. இடது கையைத் தூக்கினான். உள்ளங்கையை அவளுக்கு நேரே காட்டி ஒரு கணம் நிறுத்தினான். மிட்சுஎ வாயை மூடினாள். சட்டை அவள் கையில் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கை மெதுவாக முன்னே திரும்பியது. மற்ற விரல்களை மடக்கி ஆள்காட்டி விரலை நீட்டினான். தூரத்தில், மலைகளுக்கு நடுவே, ஓடுபாதையின் தொடக்கம் சின்ன வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கண்ணால் பார்த்தான். வலது கட்டைவிரல் பொத்தானை விடவில்லை.

"க... ககோஷிமா டவர். எட்டு, ஒன்று, ஐந்து. யா... யாகுஷிமாவிலேர்ந்து வந்துக்கிட்டிருக்கேன். இறங்கறதுக்கு அனுமதி குடுங்க."

பொத்தானிலிருந்து விரலை எடுத்தான்.