கேஸ் யார் பேரில்?

போனில் கூப்பிட்ட கடன் வசூல்காரன் தன் பெயர் டேனர் என்றான். பொய்யாகத்தான் இருக்கும், அந்த வேலையில் யார் சொந்தப் பெயரில் பேசுகிறார்கள்? என் பெயரை மட்டும் திருத்தமாகச் சொன்னான். கோரின் ஸ்ட்ரௌட், கேஸ் கம்பெனிக்கு ஆயிரத்து நூறு டாலர் பாக்கி, ஐந்து வருடமாக.

“நான் என் பேர்ல கேஸ் கணக்கு வச்சதே இல்ல சார்.”

“இங்க இருக்கே மேடம்,” என்று கணக்கு திறந்த தேதியைப் படித்தான்.

“அப்போ எனக்குப் பதினோரு வயசு.”

“அப்படின்னா யாரோ உங்க பேரைத் திருடியிருக்காங்க. போலீஸ்ல புகார் குடுத்து நகலை அனுப்புங்க. யார் செஞ்சாங்கன்னு அதுல எழுதியிருக்கணும். இல்லேன்னா பணத்தைக் கட்டுங்க.”

யார் என்று எனக்குத் தெரியும். யங்ஸ்டவுனில் எங்கள் பக்கம் யாரைக் கேட்டாலும் ஊகித்துச் சொல்லிவிடுவார்கள். பில் பாக்கியால் பெரியவர்களின் பெயர் கெட்டு, வீட்டைச் சூடாக்கும் கேஸைக் கம்பெனி துண்டித்துவிட்டால், பிள்ளையின் அடையாள எண்ணைக் கொடுத்துப் பிள்ளை பெயரில் புதுக் கணக்கு திறப்பார்கள். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் பால்பல் விழுவதற்கு முன்பே கரண்ட் பில்லுக்குச் சொந்தக்காரர்கள். அதைத் திருட்டு என்று எங்கள் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. குளிர்காலம் என்பார்கள், அவ்வளவுதான்.

பணத்தைவிட எனக்குப் பெரிய கவலை, நான் வாடகைக்குக் கேட்டிருந்த ஹுடாக்கின் வீடு. நானும் என் ஆறு வயது மகள் ஓப்பலும் இருக்கிற அறையில் சுவரெல்லாம் பூஞ்சை. இருமி இருமிக் குழந்தைக்குக் கண் உள்ளே போய்விட்டது. ஹுடாக் வாடகைக்கு விடும் கீழ்த்தளத்தில் இரண்டு படுக்கையறை, காய்ந்த சுவர். மனிதர் நல்லவர்தான். ஆனால் என் கடன் பாக்கியையெல்லாம் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“இந்தக் கேஸ் பாக்கி மட்டும் இல்லேன்னா இன்னைக்கே சாவி குடுத்துருவேன்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் வேற யாருக்கும் விடல. இது உன் கடன் இல்லேன்னு ஒரு பேப்பர் கொண்டா, போதும்.”

ரிப்போர்ட் போடும் நிறுவனத்துக்கு ஏற்கெனவே மறுத்து எழுதியிருந்தேன். பதினோரு வயதுப் பெண் கேஸ் கணக்கு திறப்பாளா என்று கேட்டு, பிறப்புச் சான்றிதழையும் வைத்து அனுப்பினேன். அவர்கள் கம்பெனியைக் கேட்டார்களாம், கம்பெனி சரிதான் என்றதாம். ‘சரிபார்க்கப்பட்டது’ என்று ஒற்றை வரி வந்தது. எனக்கு வந்த எரிச்சலில் அதைச் சுக்குநூறாகக் கிழித்தேன்.

அம்மா வீட்டுக்குப் போனேன். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எனக்கு மாலை ஷிஃப்ட். நான் திரும்பும்வரை ஓப்பல் அம்மாவிடம்தான் இருப்பாள். அந்த வீட்டில் எந்தக் குளிர்காலத்திலும் ஸ்வெட்டர் தேவைப்பட்டதில்லை. வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும், உள்ளே அம்மா கையில்லாத சட்டையோடு நடமாடுவாள்.

“ஆமா, நான்தான் வச்சேன்,” என்றாள், மக்ரோனியைக் கிளறிக்கொண்டே. “உங்கப்பன் ஓடிப்போனப்போ என் பேர் நாறிக் கெடந்துச்சு. ஜனவரி மாசம். உன்ன ஐஸ்பெட்டிக்குள்ள வச்சு வளத்திருக்கணும்ங்கிறியா?”

“பில்லக் கட்டியிருக்கலாமேம்மா.”

“முடிஞ்ச வரைக்கும் கட்டினேன்டி. முதுகு போச்சு, வேலை போச்சு, அதுவும் நின்னுபோச்சு.”

“போலீஸ்ல எழுதிக் குடுத்தாத்தான் என் பேர்லேருந்து எடுப்பாங்களாம். யார் செஞ்சதுன்னு கேப்பாங்க.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “போய் எழுதிக் குடு. ஜெயில்லயும் ஹீட்டர் இருக்கும், என்னப் பத்திக் கவலப்படாத.”

ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அவளிடம் வாய்கொடுத்து நான் ஒருநாளும் ஜெயித்ததில்லை.

மறுநாள் காவல் நிலையத்தில் படிவத்தை நிரப்பினேன். ‘செய்தவர் யார் என்று தெரியுமா?’ என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.

“தெரியாதுன்னு எழுதலாமா?” என்று மேசையில் இருந்த அதிகாரியைக் கேட்டேன்.

“எழுதலாம். பொய்யின்னு தெரிஞ்சா மாட்டிக்கிறது நீங்கதான்,” என்றார்.

படிவத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். என்ன கோபம் இருந்தாலும் பெற்றவளைப் போலீஸில் எழுதிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை டேனர் மறுபடி கூப்பிட்டான். பனியால் பள்ளி விடுமுறை. ஓப்பல் என் பக்கத்தில் பாலும் சீரியலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“மாசம் ஐம்பது டாலரா கட்டிடறேன்,” என்றேன். சொல்லும்போதே ஹுடாக்கின் வீடு கைநழுவியது தெரிந்தது. முழுக்கக் கட்டி முடித்தாலும் அந்தப் பாக்கியின் கறை ரிப்போர்ட்டில் இன்னும் இரண்டு வருடம் இருக்கும்.

“நல்ல முடிவு மேடம். அப்புறம், இதே நம்பர்ல இன்னொருத்தரும் இருக்காங்க. ஓப்பல் ஸ்ட்ரௌட் இருக்காங்களா?”

“அவகிட்ட என்ன?”

“அவங்ககிட்டதான் சொல்ல முடியும். சட்டம் அப்படி.”

 என் பெயரில் இருந்த கணக்கு ஐந்து வருடத்துக்கு முன்பே நின்றுவிட்டது. அதன் பிறகும் அம்மா வீட்டில் சூடு எங்கிருந்து வந்தது என்று நான் ஒரு நாளாவது கேட்டேனா? அப்போது ஓப்பலுக்கு ஒரு வயது; அம்மாவுக்கு இன்னொரு பெயர் கிடைத்திருந்தது.

“அப்போ அவகிட்டயே பேசுங்க,” என்று ஸ்பீக்கரைப் போட்டுக் குழந்தை முன் போனை வைத்தேன்.

“ஹலோ,” என்றாள் வாயில் சீரியலோடு.

“ஓப்பல்… ஓப்பல் ஸ்ட்ரௌட் பேசுறீங்களா?”

“ஆமா.”

“உங்க பிறந்த தேதி?” அவன் குரல் இறங்கியிருந்தது.

பள்ளியில் சொல்லிக்கொடுத்தபடி மாதம், நாள், வருடம் என்று ராகம் போட்டுச் சொன்னாள். “எனக்கு முன்னாடி ரெண்டு பல்லு விழுந்துருச்சு,” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

 டேனர் சட்டென்று போனை வைத்துவிட்டான்.

“நான் தப்பா சொல்லிட்டேனாம்மா?”

“இல்லடா கண்ணு. நீ சரியாத்தான் சொன்ன.”

அவளுக்குப் பூட்ஸ் மாட்டி நேராகக் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். ஓப்பலுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு படிவம் வாங்கினேன். இந்தத் தடவை பேனா நிற்கவில்லை. இரண்டிலும் ‘வெர்னா ஸ்ட்ரௌட்’ என்று அம்மாவின் பெயரை முழுசாக எழுதினேன்.

அதிகாரி படித்துப் பார்த்தார். “இத வச்சு அந்த வீட்டுக்கு வர்ற கேஸ கம்பெனி நிறுத்திரும். அந்த வீட்ல குழந்தைங்க யாராவது இருக்காங்களா?”

“சாயங்காலம் மட்டும் ஒரு குழந்தை,” என்றேன். ஓப்பல் அவர் மேசையில் இருந்த மிட்டாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புகாரின் நகலை வாங்கிக்கொண்ட ஹுடாக் சாவியை என் கையில் வைத்தார். சந்தோஷப்பட நேரமில்லை. மூன்று மணிக்கு ஷிஃப்ட், ஓப்பலை விட்டுவிட்டுப் போக எனக்கு வேறு வீடு கிடையாது.

அம்மா கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. “வாடி என் ராசாத்தி, கோட்டக் கழட்டு,” என்று குழந்தையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். “கையுறை எங்கடி? விரலெல்லாம் நீலமா இருக்கு.”

என் வலது கையைப் பிடித்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்தாள். ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்றேன். கையை மட்டும் என்னால் இழுத்துக்கொள்ள முடியவில்லை.