கொடிக்கறி

கரண்ட் போனதும் பன்னிரண்டு தறிகளும் ஒரே மூச்சில் நின்றன. சங்கரன்கோவிலில் ஆறுமுகச்சாமியின் தறி செட்டில் அது தினசரி நடப்பதுதான். தறி ஓட்டுகிறவர்கள் பீடிக்கட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனார்கள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல் தாரைச் சுற்றித் தரும் பெண்கள் மட்டும் மிஷினை விட்டு எழவில்லை. சுற்றிய தாருக்குத்தான் கூலி. கரண்ட் வந்த நொடியில் கை அங்கே இருக்க வேண்டும். எப்போது வருமோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

சீனியம்மாள் தூக்குச்சட்டியைத் திறந்தாள். பழைய சோறும் மோர்மிளகாயும். பக்கத்து மிஷின் பூமாரி வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வழக்கம்போலச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, சட்டியைக் கால்வாசி மட்டும் திறந்து வைத்துச் சாப்பிட்டாள். வாசனைக்குச் சுவர் தெரியுமா? சுட்ட கறியும் பூண்டும் காய்ந்த மிளகாயும் சேர்ந்து அந்த மூலையையே தூக்கிக்கொண்டிருந்தன.

"என்னட்டி, தனியா வச்சு முழுங்குத?" என்று சொல்லிக்கொண்டே சீனியம்மாள் எட்டி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டாள். தடுக்க எழுந்த பூமாரியின் கை பாதியில் நின்றது.

விரல் நீளத் துண்டு. கறுத்துப்போய், நார் நாராகப் பிரிந்தது. மெல்ல மெல்ல உப்பும் உறைப்பும் ஊறின. இது என்ன கறி என்று கேட்டாள்.

"கொடிக்கறிக்கா."

பூமாரியின் தெருவில் மாட்டுக்கறியைக் கயிறு கயிறாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, துணி காயப்போடுகிற கொடியில் தொங்கவிட்டு உலர்த்துவார்கள். கொடியில் காய்வதால் கொடிக்கறி. சீனியம்மாளுக்கோ கொடி என்றால் ஆடு. அவள் பிறந்த இளையரசனேந்தல் பக்கத்தில் நெட்டைக் காலும் நீண்ட உடம்புமாக மேய்கிற வெள்ளாட்டுக்குக் கொடியாடு என்று பெயர். அவளுடைய அப்பா முப்பது உருப்படி வைத்திருந்தவர்.

"அதானே பார்த்தேன். கொடியாட்டு ருசி வேற எதுக்கு வரும்!" என்றாள்.

பூமாரி சோற்றைப் பிசைந்தாள். 'இல்லக்கா' என்கிற ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. தறிச் சத்தத்தில் யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல முடியாது.

வேலை கேட்டு வந்த அன்றைக்கே ஆறுமுகச்சாமி எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டிருந்தார். கரிவலம்வந்தநல்லூர், கோயில் தெரு என்று சொன்னாள். அவள் தெருவிலும் ஒரு காளியம்மன் கோயில் இருக்கத்தான் செய்தது. அவர் பெரிய கோயிலை நினைத்துக்கொண்டார். கிணறு வெட்டப் போன இடத்தில் கல் சரிந்து இடுப்பொடிந்து படுத்துவிட்ட புருஷன் காளிராஜும் இரண்டு பிள்ளைகளும் இந்த வேலையை நம்பித்தான் இருந்தார்கள். பூமாரியின் கைவேகத்தைப் பார்த்துவிட்டு, தை பிறந்ததும் ஒரு தறியையே ஓட்டத் தருவதாக அவர் வாயாலேயே சொல்லியிருந்தார்.

அதன்பிறகு கரண்ட் போகிற நேரமெல்லாம் சமையல் பேச்சுதான். ராத்திரியே கழுநீரில் ஊறப்போட வேண்டும், குழவியால் இரண்டு தட்டுத் தட்டினால் நார் இளகும் என்றாள் பூமாரி. கம்மங்கஞ்சிக்கென்றால் தணலில் வாட்டி, பூண்டும் மிளகாயும் வைத்து இடித்தால் போதும். சோற்றுக்கென்றால் சின்ன வெங்காயத்தைக் குண்டு குண்டாகப் போட்டு வதக்க வேண்டும். மொச்சைப்பயறு போட்டால் குழம்பு கெட்டிப்படும். கத்திரிக்காய் போட்டால் நாலு துண்டு கறி நாலு பேருக்குக் காணும். சீனியம்மாள் மட்டும் சும்மா இருப்பாளா? மாங்காய் வற்றல் ரெண்டு போட்டு, இறக்கும்போது நல்லெண்ணெய் ஊற்றிப் பார் என்றாள். மறுவாரம் பூமாரி அப்படியே செய்து கொண்டுவந்தாள். இரண்டு பேரும் சட்டியை வழித்துத் தின்றார்கள். பூமாரி சுவரைப் பார்த்து உட்காருவதை எப்போது விட்டாள் என்று அவளுக்கே நினைவில்லை.

ஐப்பசியில் சீனியம்மாளின் மகள் கோமதித்தாய் மசக்கையோடு தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கஞ்சி, ரசம், எலுமிச்சங்காய் ஊறுகாய், எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. கண் குழிக்குள் போய்விட்டது. ஒருநாள் சீனியம்மாள் பூமாரியிடம் இரண்டு துண்டு வாங்கி இலையில் மடித்துக் கொண்டுபோனாள். மகள் அதைக் கடித்துக்கொண்டு ஒரு கும்பாச் சோறு தின்றாள். அது வயிற்றிலும் தங்கியது. அன்றைக்குத்தான் சீனியம்மாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

தினமும் அவளிடமே கையேந்தினால் நன்றாகவா இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் மிச்சமிருந்த ஒரு துண்டை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு சிவனாண்டியின் ஆட்டுக்கறிக் கடைக்குப் போனாள். கடையில் நல்ல கூட்டம். கொடியாட்டுக் கறியில் இதேபோல உப்புக்கண்டம் போட்டுத் தருவியா என்று கேட்டாள். சிவனாண்டி துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நகத்தால் கீறினான். யார் தந்தது என்று கேட்டான்.

"எங்க செட்டுல கூட வேலை பார்க்குத பூமாரிதான். அவ கைப்பக்குவம் ஒருத்திக்கு வராது." பெருமையில் குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது.

"கொழுப்பைப் பாருங்க, உள்ளுக்குள்ளயும் மஞ்சக்கணக்கா இருக்கு. ஆட்டுக் கொழுப்பு வெள்ளையால்லா இருக்கும்?" சிவனாண்டி சிரித்தான். "இது மாடு. கொடியில காயப்போடுத கறி. ஆடாம் ஆடு."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நாலு பேரில் ஒருவர், வயர் கூடையும் கையுமாக நின்ற ஆறுமுகச்சாமி. அவர் அரைக்கிலோவை வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சீனியம்மாள் வரும் வழியில் சாக்கடை ஓரமாக உட்கார்ந்து விரலைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தாள். எதுவும் வரவில்லை. மூன்று மாதமாகத் தின்றது வயிற்றுக்கு நல்லதாகத்தான் இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மகள் கறி எங்கே என்று கேட்டாள். கடையில் இல்லை என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள். பூமாரி மேல் கோபம் வர வேண்டுமே என்று பார்த்தாள், வரவில்லை. பேரைச் சொன்ன தன் வாயைத்தான் வைதுகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் பூமாரி வந்தாள். செட்டு வாசலில் நாற்காலி போட்டு ஆறுமுகச்சாமி உட்கார்ந்திருந்தார். கரண்ட் இன்னும் வராததால் உள்ளே எல்லோருக்கும் எல்லாம் கேட்டது.

"நூல் வரல. வந்ததும் சொல்லி அனுப்புதேன்" என்றார்.

அவர் தலைக்குப் பின்னால் நூல் சிப்பங்கள் விட்டம் வரைக்கும் அடுக்கியிருந்தன. பூமாரி சிப்பங்களைப் பார்த்தாள். உள்ளே மிஷினோரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்த சீனியம்மாளைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"தையில தறி தாரேன்னு சொன்னீகளே, அண்ணாச்சி."

"சொல்லி அனுப்புதேன்னுல்லா சொல்லுதேன்."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. பூமாரி பையிலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை வெளியே எடுத்தாள். கோமதித்தாய்க்கென்று கொண்டுவந்தது. யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் மறுபடியும் உள்ளே வைத்தாள்.

"நாந்தான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்க்கா" என்று வாசலில் நின்றபடியே சொன்னாள். "மனசுல வச்சுக்கிடாதீக."

நீயா தந்தாய், நானாகத்தானே எடுத்துத் தின்றேன், என் மகள் இதைத் தின்றுதான் எழுந்து நடக்கிறாள் என்று சொல்ல சீனியம்மாளுக்கு வாய் வந்தது. ஆறுமுகச்சாமி திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில்தான், செலவுக்கு இந்தக் கூலிதான் என்கிற நினைப்பு வந்தது. வாய் அப்படியே மூடிக்கொண்டது. நேற்று எங்கே போயிருந்தது இந்த அடக்கம்?

பூமாரி போய்விட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புகிற முக்கு வரைக்கும் அவளுடைய மஞ்சள் பை தெரிந்தது.

"உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். உன்னைய ஒண்ணும் சொல்லல" என்றார் ஆறுமுகச்சாமி. பிறகு, பூமாரி உட்கார்ந்த பலகையிலும் மிஷினிலும் கோமியம் தெளித்துத் துடைத்துவிடச் சொன்னார். பின்கட்டில் மாடு நிற்கிறது, செம்பை வாங்கிக்கொண்டு போ என்றார்.

பின்கட்டில் மாட்டு வியாபாரி ஏற்கெனவே வந்து நின்றுகொண்டிருந்தான். இரண்டு வருஷமாகச் சினைபிடிக்காத மாடு. சனிக்கிழமையே விலை பேசி முடித்திருந்தார்கள். மூக்கணாங்கயிற்றில் புதுக் கயிறு முடிந்திருந்தது. இன்றைக்குச் சாயங்காலம் லாரியில் மலையாளத்துக்கு ஏறுகிற பதினெட்டு உருப்படியில் இதுவும் ஒன்று. அங்கே எதற்கு என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

நேரமாகுது என்று வியாபாரி முனகினான்.

"செத்த பொறும் வே" என்று ஆறுமுகச்சாமி முன்கட்டிலிருந்து சொன்னார். "மாடு பெய்யட்டும். அப்புறம் ஓட்டிக்கிட்டுப் போரும்."

வியாபாரி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தான். சீனியம்மாள் செம்பை ஏந்திக்கொண்டு மாட்டுக்குப் பின்னால் நின்றாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து மாடு பின்னங்கால்களை அகட்டி வாலைத் தூக்கியது. செம்பு நிறைந்தது. வியாபாரி எழுந்து கயிற்றைச் சுண்டினான். மாடு அவன் பின்னாலேயே தெருவுக்கு இறங்கி நடந்தது.

செட்டுக்குள் கரண்ட் வந்துவிட்டது. பன்னிரண்டு தறிகளும் ஓடத் தொடங்கின. சீனியம்மாள் சூடு ஆறாத செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பூமாரியின் பலகையை நோக்கி நடந்தாள்.