தெருவையே திருத்துகிறவள்

1.
முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு வீட்டுப்பாடமாகத்தான் பிறந்தது. 'தொற்றுத் தடுப்பில் நேர்ந்த ஒரு தவறையும் அது சரியான விதத்தையும் முன்பின் தெரியாதவருக்கும் புரியும்படி எழுதுக.'

இணையத்தில் இலவச வகுப்பு. சேர்ந்தவர்கள் நாற்பதாயிரம் பேர். எதிர்வீட்டு நீராவியும் அதில் ஒருத்தி. (ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறாள்; கோபம் வந்தால் மூடி தூக்கும். பெயர் வைத்தது நான்தான்.) சான்றிதழோடு வந்தால் மேற்பார்வையாளர் வேலை அவளுக்கே என்று மேலாளர் சொல்லியிருந்தார். அப்படி என்னதான் படிக்கிறாள் என்று பார்க்க நானும் சேர்ந்தேன். இரண்டாம் வாரமே கழன்றுகொண்டேன்.

2.
தொடக்கம், முதல் முயற்சி: 'விரிசல் விட்ட கைப்பேசியைத் துணிமூட்டைமேல் சாய்த்து, இயந்திர இரைச்சலுக்கு நடுவே அவள் அறிவுக்கடலில்...'

வேண்டாம். கேட்டால் அவளே சிரிப்பாள்.

நடந்தது இதுதான். ஆங்கிலப் பாடத்தின் அடியில் இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ் வரிகள் ஓடும். 'மண் துணியைத் தனிப் பையில் கட்டவும்' என்று ஓடியது. ரத்தக்கறை விரிப்புகளை வழக்கம்போல் தனியே கட்டிவிட்டு, நீராவி இரண்டு வாரம் மண் துணியைத் தேடினாள். கடைசியில் வகுப்பின் பொதுப்பலகையில் எழுதினாள்: 'ஆஸ்பத்திரியில யாருங்க மண்ணுல புரண்டுட்டு வந்து படுப்பாங்க? அது அழுக்குத் துணிங்க.' ('சாயில்டு' என்ற ஆங்கிலச் சொல்லை இயந்திரம் மண்ணாக்கியிருந்தது.)

நான்காம் நாள் பாடத்தையே மாற்றினார்கள். நாற்பதாயிரம் பேருக்கும் சேர்த்து.

(வீட்டுப்பாடம் இங்கே முடிகிறது. மீதி என் பங்கு.)

3.
கடைசித் தேர்வே அந்த வீட்டுப்பாடம்தான்; தாளைச் சக மாணவர்கள் மூன்று பேர் திருத்த வேண்டும். நீராவிக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். மூன்றாவதற்கு ஆளில்லை, எட்டாம் வாரத்தில் வகுப்பு அந்த அளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. வெள்ளி மதியம் கெடு. திங்களன்று என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, நீங்களும் சேர்ந்தீங்கல்ல?"

"சேர்றதுக்கென்ன, ஒரு விரல் போதும்."

"முடிச்சிருங்க. உங்க தாளைக் கொடுத்தாத்தான் அடுத்தவங்களதைத் திருத்த விடுவாங்க."

எனக்கு வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை என்றெல்லாம் இழுத்தேன். அவள் அசையவில்லை.

"குறை சொல்லிச் சொல்லித் தெருவையே திருத்துறீங்க. என்னைத் திருத்த மாட்டீங்களா?"

ஆறு வாரப் பாடத்தை நான்கு நாளில் விழுங்கினேன். அடுப்பில் பால் மூன்று முறை பொங்கியது. வெள்ளி காலை பதினொன்றுக்கு என் தாளைக் கொடுத்ததும், பெயரில்லாத தாள் ஒன்று என் முன் வந்து நின்றது. மூன்றாவது வரியில் 'மண் துணி'.

4.
முடிவு (அ): கண்ணை மூடிக்கொண்டு முழு மதிப்பெண் போட்டேன்.

முடிவு (ஆ): வரிவரியாகப் படித்தேன். எழுத்துப்பிழைக்கு இரண்டு குறைத்தேன். மற்றதில் குறை கண்டுபிடிக்க என்னாலேயே முடியவில்லை.

என்னைத் தெரிந்தவர்களுக்கு எது நடந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பத்து நாள் கழித்து, கழுத்தில் புது அட்டை ஆட, நீராவி தெருவின் நடுவிலேயே நடந்து வேலைக்குப் போனாள். நான் திருத்திய பெண் என்று வாசல் வாசலாகச் சொல்லிவிட்டேன்.

என் தாளை இதுவரை இரண்டு பேர் திருத்தியிருக்கிறார்கள். மூன்றாவது ஆள் நீங்களாக இருக்கலாம். ஆனால் விதி தெரியுமல்லவா? முதலில் உங்களுடையதை எழுதி முடித்துவிட்டு வாருங்கள்.