தொப்பிக்கற்களுக்குப் போன வழி

பிருந்தனுக்குப் பாலைவனப் பைத்தியம் பிடித்து மூன்று வருடமாகியிருந்தது. பிரெஞ்சு பேசும் ரெனான் நகரில் பொதி விநியோகிக்கும் வான் வண்டியை நாள் முழுக்க ஒருவழிப் பாதைகளுக்குள் ஓட்டிக் களைத்து வீட்டுக்கு வந்தால், மணல்மேடுகளில் ஏறி இறங்கும் ஜீப்புகளின் வீடியோக்களைத்தான் பார்ப்பான். ஓமானுக்குப் போகத் திட்டம் போட்டான், லீவு கிடைக்கவில்லை. மொரோக்கோவுக்குப் போடப்பட்ட திட்டமும் அப்படியே போயிற்று. கடைசியில் பழைய வெள்ளை ஜீப் ஒன்றை வாங்கினான். மணலில் சில்லுப் புதைந்தால் கீழே போடுகிற அலுமினியத் தகடுகள் நான்கும் வாங்கிக் கூரையில் கட்டினான். மணலுக்கு எங்கே போவது என்று தேடியபோதுதான் வலே மாகாண மலைகளுக்குள் இருந்த ஒரு கல்வெளியைப் பற்றி அறிந்தான். அங்கே புல்லும் இல்லை, மரமும் இல்லை. வீட்டளவு உயரமான மண்தூண்கள் நிற்கின்றன, ஒவ்வொன்றின் தலையிலும் தட்டையான பாறையொன்று தொப்பிபோல உட்கார்ந்திருக்கிறது.

தங்கை சாருஜாவையும் வரச் சொன்னான். அவள் ஜெர்மன் பேசும் பக்கத்தில், டீட்டிகோனில் இருந்தாள். நில அளவை அலுவலகமொன்றில் வரைபடம் கீறும் வேலை. அண்ணனோடு ஒரு முழு நாளைக் கழித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டதே என்று, செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் முதல் ரயிலைப் பிடித்து வந்தாள்.

தார்ப்பாதை முடிந்து மண்பாதை தொடங்கும் இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாகத் தடுப்புமரம் ஒன்று குறுக்கே கிடந்தது. அதில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். பிருந்தன் இறங்கிப் போய், ஒரு தாளுக்குத் தேவையானதைவிட அதிக நேரம் நின்று வாசித்துவிட்டு வந்தான்.

“என்னண்ணா எழுதியிருக்கு?” சாருஜாவுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு எப்போதோ மறந்துவிட்டது.

“மாட்டுக்காரற்றை அறிவித்தல். கதவுகளைச் சாத்திப்போட்டுப் போகட்டாம்.”

தடுப்புமரத்துக்குப் பக்கத்தில் புல்லுக்குள் ஜீப் நுழையுமளவு இடம் இருந்தது. அவன் சுற்றிக்கொண்டு மேலே ஏறினான்.

முதல் அரைமணி நேரம் இருவரும் சிரித்துக் கதைத்துக்கொண்டு போனார்கள். கற்களில் ஏறி விழும்போதெல்லாம் பிருந்தன் சின்னப் பிள்ளைபோலக் கூவினான். பிறகு ஒரு மேய்ச்சல் குடில் வந்தது. தொழுவத்தின் கதவுகள் ஆவென்று திறந்து கிடந்தன. ஒரு மாடும் இல்லை, மணிச்சத்தமும் இல்லை. தண்ணீர்த்தொட்டிக்குள் குழாயிலிருந்து கலங்கிய பழுப்புத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

“மாடுகள் எங்கை?”

“குளிர் வரப்போகுது. இறக்கியிருப்பினம்.”

இன்னும் கொஞ்சம் மேலே போனதும் பாறையொன்றில் ஏதோ மின்னியது. உள்ளங்கையளவு கண்ணாடி, இரும்புக் கம்பியில் பொருத்தப்பட்டிருந்தது. அடுத்த பாறையிலும் ஒன்று. அதற்கு மேலே சரிவு முழுக்க. எல்லாம் பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. சாருஜா ஜன்னலை இறக்கி எட்டிப் பார்த்தாள்.

“அண்ணா, இது எங்கடை வேலைச் சாமான். அங்காலை ஒரு கருவி இருந்து இதுகளை அளந்துகொண்டிருக்கும். மலை அசையுதோ எண்டு பாக்கிறதுக்கு வைக்கிறது.”

“எல்லா மலையும் அசையிறதுதானே. நீதான் முந்திச் சொன்னனீ.”

“வருசத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அசையிற மலைக்கு இத்தினை கண்ணாடி வையாங்கள்.”

அவன் கியரை மாற்றினான்.

கல்வெளிக்குச் சற்று முன்னால் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு வெடிப்பு ஓடியது. சாருஜா இறங்கிப் பார்த்தாள். இரண்டு விரல் அகலம். ஓரம் கூர்மையாக இருந்தது; மழை இன்னும் கரைக்காத புது மண். வேலைப் பழக்கத்தில், அளவு தெரிவதற்காக அதற்குப் பக்கத்தில் பேனையை வைத்துப் படமெடுத்தாள். “ஒரு பத்து நிமிசம், பாத்திட்டுத் திரும்புவம்” என்று அவன் கெஞ்சினான். வெடிப்பின் மேலாக ஜீப் ஒரு சின்னக் குலுக்கலோடு கடந்தது.

தூண்கள் அவள் நினைத்ததைவிடப் பெரியவை. நாற்பது ஐம்பது இருக்கும். சாம்பல் நிறத்தில், மெலிந்த கழுத்தும் கனத்த தலையுமாக, ஒன்றும் பேசாத ஒரு கூட்டம்போல நின்றன. காற்றே இல்லை. பிருந்தன் போனைத் தூக்கிக்கொண்டு அவற்றுக்கு நடுவே ஓடினான். அவன் முகத்திலிருந்த சந்தோசத்தை அவள் பல வருடங்களாகக் கண்டதில்லை. வந்தது நல்லதுதான் என்று ஒரு கணம் அவளுக்கே தோன்றியது.

அப்போது தூரத்துத் தூணொன்றின் தொப்பி கழன்று விழுந்தது. யாரும் தொடவில்லை. முதலில் கல் சரிவது தெரிந்தது, பிறகுதான் சத்தம் வந்தது. தரை அவள் சப்பாத்துக்கு அடியில் மெல்ல அதிர்ந்தது. பிருந்தன் திரும்பிப் பார்த்தான். அவன் வாயைத் திறக்குமுன் இன்னொன்றும் விழுந்தது.

“ஏறண்ணா. இப்பவே.”

அவன் மறுபேச்சில்லாமல் ஏறினான். ஆனால் வெடிப்பு இருந்த இடத்துக்கு வந்ததும் பிரேக்கை மிதிக்க வேண்டியிருந்தது. இரண்டு விரல் அகலம் இப்போது இரண்டடியாகியிருந்தது. அவர்கள் நின்ற பக்கம் முழங்காலளவுக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது. அவர்கள் மேலே நின்ற அரைமணி நேரத்துக்குள் நடந்தது அது. நாங்கள் நிற்கிற இந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறது என்பது சாருஜாவுக்கு விளங்கியது.

“அந்தத் தாளிலை என்ன எழுதியிருந்தது? உண்மையைச் சொல்லு.”

பிருந்தன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “மலை விழக்கூடுமாம். போன கிழமையிலை இருந்து ஒருத்தரும் மேலை போகக்கூடாதாம். இவங்கள் எல்லாத்துக்கும் இப்பிடித்தான் எழுதுவாங்கள் எண்டு நினைச்சன், சாரு.”

அவள் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. “நடப்பம்” என்றாள்.

“ஜீப்பை விட்டிட்டோ? தகடு இருக்குது. போட்டு ஏத்திப்போடுவன். வீடியோவிலை எத்தினை தரம் பாத்திருப்பன்.” அவன் கூரையிலிருந்து தகடுகளை இறக்கி வெடிப்பின் மேல் சாய்த்துப் போட்டான். வெடிப்புக்குள் சிறுகற்கள் விழுந்தன. அவை எங்கே போய் முட்டின என்று சத்தம் கேட்கவில்லை. “நீ நடந்து அங்காலை போய் நில். நான் ஓட்டிக்கொண்டு வாறன்.”

சாருஜா முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்து பெல்ற்றைப் போட்டாள்.

“இறங்கு, சாரு!”

“நீ ஓட்டுறதெண்டால் நானும் இருக்கிறன். ஓட்டு.”

அவன் அவளைப் பார்த்தான். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். கியரைப் போட்டான். ஜீப் உருண்டு முன்சில்லுகள் தகட்டைத் தொட்டன. தகடு கிறீச்சிட்டு ஒரு பக்கம் நகர்ந்தது. சாருஜா கண்ணை மூடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினாள். ஏழு வந்தபோது அவன் இன்ஜினை நிறுத்தினான்.

ஜீப்பை விட்டு இறங்கி, தகட்டில் தவழ்ந்து மறுகரைக்கு ஏறினார்கள். முதலில் அவள், பின்னால் அவன். அதற்குப் பிறகு ஓட்டமும் நடையும்தான். முதுகுக்குப் பின்னால், யாரோ மூட்டை மூட்டையாகச் சரளைக் கல்லைக் கொட்டுவதுபோல, விட்டு விட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. மேய்ச்சல் குடிலைத் தாண்டும்போது ஆட்டுக்குட்டியளவு கல்லொன்று துள்ளிக்கொண்டு வந்து பாதையைக் கடந்து காட்டுக்குள் போயிற்று. தொட்டிக்குள் தண்ணீர் விழுவது நின்றுவிட்டிருந்தது.

தடுப்புமரத்தடியில் செம்மஞ்சள் உடுப்போடு ஒரு பெண் காத்திருந்தாள். கண்காணிப்புக் கமராவில் ஜீப்பைப் பார்த்துவிட்டு ஓடி வந்தவள். மேலே ஆளனுப்ப யாருக்கும் துணிவில்லை என்று பிருந்தனிடம் சொன்னாள். பிறகு அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, எத்தனை பேர் போனீர்கள் என்று கேட்டாள். இரண்டு என்றான். நிச்சயமா என்று திரும்பவும் கேட்டாள். அவன் சாருஜாவின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான்.

ஐந்தாம் நாள் விடியற்காலை மலை விழுந்தது. கல்வெளியும் குடிலும் தடுப்புமரமும் போய்விட்டன. கீழேயுள்ள ஊரை அதற்குள் காலி செய்திருந்ததால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிருந்தன்மீது வழக்குப் பதிந்தார்கள். லைசென்ஸைப் பறித்தார்கள், வான் வேலையும் போயிற்று. இப்போது ஒரு பேக்கரியில் மா மூட்டை இறக்குகிறான்.

கார்த்திகையில் பெரியம்மா செல்வராணியின் வீட்டில் எல்லோரும் கூடியபோது அந்தக் கதையை அவனே சொன்னான். தான் பொய் சொன்னதையும் மறைக்கவில்லை. “இவள் வந்து பக்கத்திலை ஏறி இருந்திட்டாள். அதோடை நான் இன்ஜினை நிப்பாட்டிப்போட்டன்” என்று சொல்லிக் கண் கலங்கினான். செல்வராணி எழுந்து வந்து சாருஜாவின் தலையைத் தடவினாள்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவள் ஏறி உட்கார்ந்த பிறகும், ஏழு எண்ணும் வரைக்கும் தன் கால் அக்சிலேற்றரில் இருந்ததை அவன் மறந்திருக்கவும் கூடும். சாருஜா தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய், தண்ணீரைத் திறந்துவிட்டு, நெடுநேரம் அங்கேயே நின்றாள்.