கிணற்றுக்கு ஒரு சான்றிதழ்

எங்கள் மல்தோவாவில் தெருவோரம் கிணறு வெட்டியவனுக்குப் பாவம் கழியும் என்பார்கள். என் பாவங்கள் பெரும்பாலும் சோம்பலால் வந்தவை. அவற்றுக்குப் பதினொரு மீட்டர் ஆழம் போதும் என்று கணக்கிட்டேன். வேலியோரம் வெட்டி, கூரை போட்டு, நீலச் சாயம் பூசி, என் பெயரைப் போட்டு ‘பந்தேலி வெட்டியது’ என்று எழுதினேன். பாதிரியார் வந்து ஆசீர்வதித்தார்.

வெட்டுவதற்கு முன் மூன்று புத்தகங்கள் படித்திருந்தேன். களிமண் அடுக்கு, நிலத்தடி நீரோட்டம் எல்லாம் அத்துப்படி. மேட்டில், இருபதடி தள்ளி, என் மாட்டுக்கொட்டகையும் கழிப்பறைக் குழியும் இருப்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. அவ்வளவு சாதாரண விஷயங்களை நான் யோசிப்பதில்லை.

தண்ணீர் இனிக்கிறது என்றது ஊர். எனக்கு அது போதவில்லை. கண்ணாடிச் சட்டம் போட்டுக் கிணற்றில் மாட்ட ஒரு சான்றிதழ் வேண்டுமென்று, யாரும் கேட்காமலே ஒரு பாட்டில் தண்ணீரை ஆய்வுக்கூடத்தில் கொடுத்தேன். பதில் வந்தது. நைட்ரேட் அனுமதித்த அளவைவிட நாலு மடங்கு அதிகம். கைக்குழந்தை குடித்தால் ரத்தத்தில் பிராணவாயு குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது, வற்ற வற்ற இன்னும் கூடும்.

என் மனைவி எவ்ப்ரோசினியா இத்தாலியில் ஒரு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறாள். போனில் சொன்னேன். உடனே ஊருக்குச் சொல்லச் சொன்னாள். எப்படிச் சொல்வதென்று யோசிக்க வேண்டும் என்றேன்.

“நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள கிணறே வத்திடும்,” என்றாள்.

யோசித்ததன் பலனாக, வாளியைச் சங்கிலியிலிருந்து கழற்றி வீட்டுக்குள் ஒளித்தேன். யாரோ திருடிவிட்டதாக ஊர் நினைக்கும், தண்ணீர் எடுக்க முடியாது, என் பெயரும் கெடாது. இதைவிட நுட்பமான திட்டம் என் வாழ்நாளில் எனக்குத் தோன்றியதில்லை.

வாளி இல்லாத கிணற்றுக்கு வாளி வாங்கித் தருவது எங்கள் பக்கத்தில் பெரிய தர்மம். அதை மறந்துவிட்டேன். ஆய்வுக்கூடத்துக் காகிதம் வந்த ஒன்பதாம் நாள் காலை அடுத்த தெரு லியூசியா வந்தாள். மார்போடு கட்டிய ஆறு வாரக் குழந்தை. கையில் புது வாளி, அதன் பிடியில் பூவேலை செய்த துண்டு.

“மாமா, எவனோ வாளியத் தூக்கிட்டுப் போயிட்டான் போல. இது பையன் பேர்ல. இத்தனை நாளும் எங்க வீட்டு வாளியில கயிறு கட்டித்தான் மொண்டேன்.”

“பையனுக்குமா?”

“எனக்குப் பால் பத்தல, மாவுப்பால்தான். கவலப்படாதீங்க, ரெண்டு தடவ கொதிக்க வைக்கிறேன்.”

குழந்தையின் உதடுகளைப் பார்த்தேன். சாம்பல் நிறம். குளிராக இருக்கலாம் என்று என் மனம் உடனே ஒரு காரணம் கண்டுபிடித்தது. அதில் அது தேர்ந்தது. பின்பு, எப்படித்தானோ, வாய் திறந்தது.

“இந்தத் தண்ணி ஆகாது லியூசியா. கொதிக்க வச்சா இன்னும் மோசம். சோதனை பண்ணி எழுதி அனுப்பியிருக்காங்க.”

“எப்ப?”

“ஒன்பது நாளாச்சு.”

திட்டுவாள் என்று நின்றேன். வாளியைக் கீழே வைத்தாள்.

“வண்டிய எடுங்க.”

வழியில், காணாமல் போன பழைய வாளி எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னேன். அவள் குழந்தையின் நகங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், சின்ன மூக்கில் குழாய் வைத்தார்கள். மதியத்துக்கு மேல் உதட்டில் சிவப்புத் திரும்பியது. இரண்டு நாள் இருக்கட்டும், பிழைத்துக்கொண்டான் என்றார் டாக்டர். பிறகு ஒரு படிவத்தை எடுத்தார். எந்தக் கிணறு, யார் வெட்டியது, கழிப்பறை எவ்வளவு தூரம் என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரே வார்த்தையில் பதில் சொன்னேன். அவர் பேனாவை மூடப்போனார்.

“இன்னும் முடியல டாக்டர்,” என்றாள் லியூசியா, என் பக்கம் திரும்பாமல். “காகிதம் வந்தப்புறம் ஒன்பது நாள் இவரு வாயத் திறக்கல. அதையும் எழுதுங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார்.

“ஆமா,” என்றேன்.

ஒன்பது என்று எண்ணால் எழுதினார். பக்கத்திலேயே எழுத்தாலும் எழுதினார்.